பேர் கொடுக்காத ஞானமுத்து

போன சனிக்கிழமை கோவிலில் பேர் கொடுக்கப் போனேன். வேதக் கோவிலைத்தான் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிறதே, அது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாசத்துக்கு ஒரு ஞாயிறு நற்கருணை – பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குவது. அதை எடுக்கிறவர்கள் முந்தின நாளே குருவானவரிடம் பேர் கொடுக்க வேண்டும். அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?" இல்லை என்றால் நோட்டில் பேர் ஏறும். உண்டு என்றால், போய்ச் சமாதானமாகிவிட்டு வரச் சொல்வார்.

நான் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன். "இல்லீங்க ஐயா" என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. அன்றைக்கும் சொன்னேன்.

குருவானவர் பேனாவை மைக்கூட்டில் தொட்டார். ஆனால் எழுதவில்லை.

"நாலு மாசமா ஏன் பேர் கொடுக்கலைன்னு ஞானமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். உங்களோட மனஸ்தாபமாம்..."

யார் இந்த ஞானமுத்து? என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். நான் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா; அவர் பாயிண்ட்ஸ்மேன் – ரயிலைத் தடம் மாற்றிவிடுகிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் ஞானஸ்நானம் எடுத்தார். பைபிளை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்.

சண்டை என்ன? கோவிலில் பாட்டு எடுத்துக்கொடுப்பவன் நான். பதினாறு வருஷமாக! ஈஸ்டர் அன்று கொஞ்சம் மேல் சுருதியில் எடுத்துவிட்டேன். பெண்கள் பக்கம் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். இரண்டாம் சரணத்தில் நான் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஞானமுத்து சுருதியை இறக்கிப் பாடினார். சபை மொத்தமும் அவர் பின்னால் போய்விட்டது. ரயிலோடு நிறுத்தியிருக்கலாம்... பாட்டையுமா தடம் மாற்ற வேண்டும்?

அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். இதற்குப் பேர் மனஸ்தாபம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எழுதட்டுமா?" என்றார் குருவானவர்.

"இருக்கட்டுங்க ஐயா. வந்துடறேன்."

ஞானமுத்து வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தார் – நல்லவேளை.

"ஏன் ஞானமுத்து, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனது நான். நீங்க எதுக்குப் பேர் கொடுக்காம இருக்கீங்க?"

"நீங்க பேசலைன்னதும் எனக்கும் கோவம் வந்துடுச்சு, கிராணி ஐயா. கோவத்த உள்ள வச்சிக்கிட்டு அங்க போய் எப்படி முழங்கால் போடறது?"

அந்த நாலு மாசத்தில் நான் நாலு தடவை முழங்கால் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"தப்பு என்மேலதான்" என்றேன்.

"என்மேலயும்தான். வாங்க, கோப்பி குடிச்சிட்டுப் போவோம்."

குடித்துவிட்டு இருவரும் போய்ப் பேர் கொடுத்தோம்.

ரயில்வேயில் சர்வீஸ் கூடினால் கிரேடு கூடும். விசுவாசத்துக்கும் அதே சட்டம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். முன்னால் ஏறியவன் எல்லாம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறானா என்ன?

மறுநாள் பாட்டை ஞானமுத்துவையே எடுக்கச் சொன்னேன். பெண்கள் பக்கம் கடைசிச் சரணம் வரை பாடினார்கள்.

"இன்னைக்குத்தான் தொண்டை வலிக்காமப் பாடினேன்" என்றாள் என் மனைவி, கோவில் வாசலிலேயே.

"ஆமாம், நல்லாப் பாடினார்" என்று நானும் ஒப்புக்கொண்டேன் – வீடு வந்து சேர்ந்த பிறகு.