நெகட்டிவ் என்று நான் சொன்ன பிறகு

கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கியிருந்த சமயம். திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து, மீன் விற்கிற பெண் ஒருத்தி ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், வயிற்றுவலி. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. கொரோனா பரிசோதனைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டர் எழுதியிருந்தார்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்ததில் நெகட்டிவ் வந்தது. ரத்த ரிசல்ட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரமாகும். தாய் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவைச் சொல்வது டாக்டரின் வேலை. தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"கொரோனா இல்லக்கா. சாதா ஜொரம்தான், பயப்படாதீங்க."

கையெடுத்துக் கும்பிட்டாள். ரத்த ரிசல்ட் வந்தபோது உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு எக்கச்சக்கமாக இருந்தது. "எங்க அந்தக் குழந்தை?" என்று டாக்டர் வெளியே ஓடிவந்தார். அவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். கொடுத்திருந்த நம்பருக்கு போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சேதி வந்தது. கை கால் சில்லிட்டு, நாடி விழுந்து, விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியுவில் குழந்தையைச் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அங்கிருந்த குழந்தை மருத்துவர் எனக்கும் தாய்க்கும் சேர்த்தே விளக்கினார்.

"ஒரு மாசம் முன்ன வீட்ல எல்லாருக்கும் சளி ஜொரம் வந்துச்சுன்னீங்க இல்ல, அதான் கொரோனா. கிருமி அப்பவே போயிடுச்சு. அதனாலதான் மூக்குல ஒண்ணும் கெடைக்கல. ஆனா கிருமியை அடிக்கக் கெளம்புன எதிர்ப்புசக்தி இன்னும் அடங்கல. இப்ப குழந்தையோட இதயம், ரத்தக்குழா, குடல்னு சொந்த உடம்பையே தாக்குது."

எத்தனையோ பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் குழந்தையின் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அது அவளுடைய எதிர்ப்புசக்தியை அமைதிப்படுத்துமாம். கூடவே ஸ்டீராய்டும் போட்டார்கள். ஐந்தாம் நாள் நான் மறுபடி போனபோது, கண் திறந்து குழம்புச் சோறு கேட்டாள்.

அன்று வராந்தாவில் தாயிடம் சொல்லிவிட்டேன். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. என் பேச்சைக் கேட்டுத்தானே கெளம்பினீங்க?"

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"உன்னால இல்லம்மா. அது போட்டுங்க கரைக்கு வர்ற நேரம். நான் போவலன்னா மீனை வேற ஆளு எடுத்துக்கினு பூடும். அதையே நெனச்சிக்கினுதான் உன் எதிர்ல நின்னேன். இல்லன்னு நீ சொன்னதும் ஓடிட்டேன்."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவளுக்கும் இருந்திருக்காது.

குழந்தையின் இதய ரத்தக்குழாய் ஒன்று லேசாக விரிந்திருந்தது. அதைப் பார்க்க அவர்கள் விழுப்புரம் போகும்போதெல்லாம் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போவேன். எட்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் எல்லாம் சரியாகியிருந்தது. அன்று மருத்துவர் ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் ரத்தம் கேட்டார். கொரோனா வந்த பிள்ளைகளில் வெகு சிலருக்கு மட்டும் இப்படி ஆவது ஏன் என்று பார்க்கிறார்களாம். தாய் சம்மதித்துவிட்டுக் கேட்டாள்:

"இவ அண்ணனுக்குந்தான் சார் அதே ஜொரம் வந்துச்சு. ஒரே பாயில படுத்துக் கெடந்தாங்க. அவன் ரத்தத்தையும் எடுங்க. அவனுக்கு ஏன் வரலன்னு தெரிஞ்சா, இவளுக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியுமில்ல?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அடுத்த தடவ கூட்டிக்கினு வாங்க" என்றார்.

கூட்டி வந்தாள். ஊசி ஏறும்போது பையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள, தங்கைக்காரி குனிந்து குழாயில் ரத்தம் நிறைவதைப் பார்த்தாள். அந்த ஆராய்ச்சியிலிருந்து இதுவரை எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "கண்டுபிடிச்சிடுவாங்களா?" என்று தாய் கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன்.