தங்கைக்குக் குணமான வெள்ளிக்கிழமை

மருத்துவத்தைப் பற்றி வாய் திறக்கும் தகுதியை நான் பதினொரு வயதிலேயே இழந்துவிட்டேன். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த தங்கையை அருகிலிருந்து பார்த்து, ‘இவளுக்கு நன்றாகிவிட்டது’ என்று முடிவு செய்தவன் நான்.

அப்போது நாங்கள் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, தோட்டத்துக்கு ஞாயிறு. வெள்ளியன்று அப்பாவும் அம்மாவும் பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் பால்மரம் வெட்டுக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் வீட்டிலிருப்போம். டவுன் கிளினிக் அன்று பூட்டியிருக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை பார்த்து யாரும் நோயில் விழக்கூடாது என்பது எங்கள் லயத்தின் எழுதாத சட்டம்.

ஆறு வயதுத் தங்கைக்குத் திங்களன்று ஃபுளு காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் மருந்து கொடுத்து மூன்று விஷயம் சொல்லியனுப்பினார். விட்ட காய்ச்சல் மறுபடி வந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அம்மா அதை என்னிடம் சொல்ல, நான் பிசகாமல் திருப்பி ஒப்பித்தேன். மனப்பாடத்தில் நான் வகுப்பிலேயே கெட்டிக்காரன். பொருள் புரிவதில்தான் கொஞ்சம் தகராறு.

புதனன்று காய்ச்சல் விட்டது. வியாழக்கிழமை அவள் எழுந்து வந்து என் பென்சிலை உடைத்தாள். குணத்துக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. வெள்ளி விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கக் கிளம்பிய அம்மா அவள் நெற்றியைத் தொட்டுவிட்டுத் தயங்கினாள்.

“லேசா சுடுதுடா. நாலு பிஸ்கட்டு வெச்சிருக்கேன், கோப்பில தோச்சுக் குடு. மூச்சு கீச்சு வாங்குச்சுன்னா ஓடியா. ஆத்தோரந்தான் வெட்டிக்கிட்டு இருப்பேன்.”

தங்கை சாப்பிடவில்லை. கோப்பியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊறிய பிஸ்கட்டை வீணாக்கலாகாது என்று முதல் இரண்டை நான் தின்றேன். மற்ற இரண்டுக்கும் அதே நியாயம் பொருந்தியது. அவள் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப்போய் வந்தது. தகரக்கூரைக்குக் கீழே யாருக்குத்தான் மூச்சு வாங்காது? தவிர, அவள் அழவில்லை, சண்டைக்கு வரவில்லை, என் பென்சில் பக்கமே போகவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளையாக அவளை நான் பார்த்ததேயில்லை. வெள்ளிக்கிழமை வேறு, ஓடித்தான் என்ன ஆகப்போகிறது?

மதியம் அம்மா வந்தாள்.

“சாப்டாளா?”

“நாலும் சாப்டா.”

அம்மாவின் முகம் தெளிந்தது. கையைக் கழுவிக்கொண்டு உலை வைக்கப் போனாள். என் பொய் இப்படி ஒரு அரைமணி நேரத்தையும் சேர்த்துத் தின்றது. சோறு ஊட்டத் தூக்கியபோதுதான் தங்கையின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது.

ஃபேக்டரி வேன் ஓட்டும் சித்தப்பா பக்கத்து வீடு. அம்மாவின் அலறலுக்கு வெளியே வந்தவர் தலையைச் சொறிந்தார்.

“இன்னிக்கு வெள்ளிக்கெழம அண்ணி. கிளினிக் துத்துப் லா.”

“கிளினிக்குத்தானே பூட்டு? பெரியாஸ்பத்திரிய எவன் பூட்டுனான்? வண்டிய எடுங்க தம்பி!”

சுங்கைப் பட்டாணி பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் கதவு எந்தக் கிழமையும் மூடுவதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். காலையிலிருந்து என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். “நாலு பிஸ்கட்டு” என்றாள் அம்மா. நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தேன். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, சாயங்காலம்வரை விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் தங்கையின் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்யத் திரும்பினார். தங்கை வீடு திரும்பப் பத்து நாளாயிற்று.

போன மாதம் எனக்கே ஃபுளு. விட்ட காய்ச்சல் திரும்பிவந்த பிறகும் நான் போர்வைக்குள் கிடக்க, பெண்டாங்கிலிருந்து தங்கை காரோட்டி வந்து கிளினிக்குக் கூட்டிப்போனாள். வழியில் மனம் இளகி, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். பேச மூச்சில்லாத பிள்ளையும் அமைதியாகத்தான் இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை, நீ தூங்குகிறாய் என்றே நினைத்தேன் என்றேன்.

“தூங்கலண்ணே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாலாவது பிஸ்கட்டுக்காச்சும் என்னைய ஒரு வார்த்த கேப்பியான்னு.”