கொல்லையில் நின்ற கதவு

சென்னையிலிருந்து வந்த பாடப்புத்தகத்தில் குளியலறை டைல்ஸ் ஒட்டிப் பளபளத்தது. உள்ளே ஒருவர் குளிக்கிறார். வெளியே இன்னொருவர் கதவைத் தட்டுகிறார். பெரம்பலூரில் மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்குக் காகிதக் கவர் ஒட்டச் சொல்லித்தரும் மையம் ஒன்றில் நான் டீச்சர். உடம்பைப் பற்றியும் வாரம் ஒருநாள் பாடம் நடத்த வேண்டும். என் உடம்பு என்னுடையது, கேட்காமல் யாரும் தொடக்கூடாது, நானும் யாரையும் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் வரும். வீட்டுக்காரர்கள் மிரண்டுவிடக் கூடாதென்று 'சுகாதார வகுப்பு' என்று பெயர் வைத்திருந்தோம்.

படத்தைக் காட்டி, "குளிக்கும்போது யாராவது வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டேன். இருபத்தாறு வயதுக்காரர் ஒருவர் எழுந்து, "எங்க வூட்ல கதவு இல்ல டீச்சர்" என்றார். மற்றவர்களைக் கேட்டேன். பதினோரு பேரில் ஒருவர் வீட்டிலும் குளிக்கிற இடத்துக்குக் கதவு கிடையாது. புத்தகம் அச்சடித்தவர்கள் மேல் எனக்கு வந்ததே கோபம்.

கொட்டகையில் கிடந்த பழைய தகரக் கதவை வேப்பமரத்தில் சாய்த்து வைத்தேன். ஒருவர் பின்னால் நின்று குளிப்பதுபோல் நடிக்க, மற்றவர்கள் வரிசையில் வந்து தட்டி, "வரலாமா?" என்று கேட்டார்கள். சுவரே இல்லாமல் கதவை மட்டும் தட்டுகிற கூத்தை ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

வகுப்பு முடிந்தும் அந்த இருபத்தாறு வயதுக்காரர் கதவை விடவில்லை. "அம்மா குளிப்பாட்டுது. ரோட்ல பொம்பளைங்க போவுது. எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். சேர்ந்தாற்போல் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அவர் ஊருக்குப் போகும் குன்னம் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். "இன்னிக்குக் கதவு, நாளைக்கு ஜன்னலுங்களா?" என்றார் கண்டக்டர். வழியெல்லாம் தகரம் தடதடத்தது.

அவருடைய அம்மா கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பெத்த புள்ள. எங்கிட்ட என்ன மறைப்பு? வழுக்கி வுழுந்தான்னா நீங்களா வருவீங்க?"

"வெக்கம் உங்களுக்கு இல்லம்மா, அவருக்கு" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அதற்குள் மகன் கொல்லையில் குளிக்கிற கல்லுக்கு முன்னால் ரோட்டுப் பக்கமாகக் கதவை நிறுத்தி, இரண்டு கம்பில் கட்டிவிட்டார். மற்ற மூன்று பக்கமும் வெட்டவெளி. பின்னால் போய்ச் சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

பழக்கதோஷத்தில் அந்த அம்மா முதுகு தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு எட்டு சுற்றி நடந்தால் மகன் எதிரே நிற்கலாம். கதவுக்கு முன்னால் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டினார்.

"யாரு?"

"அம்மாதான்டா."

"குளிக்கிறேன்."

"முதுவு தேய்க்க வேணாமா?"

"கூப்புடுறேன்."

நின்றோம். அவர் கூப்பிடவில்லை. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்குப் பாவமாகிவிட்டது. எதற்குக் கத்தினோம் என்றிருந்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வந்தார். முதுகெல்லாம் நுரை. சட்டென்று நீண்ட கையை அந்த அம்மா பாதியில் நிறுத்தினார்.

"தொடைச்சு வுடட்டுமாப்பா?"

அவர் எங்களை நிற்கவைத்து நிதானமாக யோசித்தார்.

"வேணாம்."

அந்த அம்மா கையை இறக்கிக்கொண்டார்.