லைசென்ஸ் யார் பேரில்

கணவர் இறந்து ஐந்து மாதம் கழித்து பட்டறை லேப்டாப்பில் அந்தச் சிவப்புப் பட்டை வந்தது. ‘உங்கள் உரிமம் முடிய ஒன்பது நாட்கள் உள்ளன. புதுப்பிக்க உரிமையாளர் அழைக்கவும்.’ அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்குத் தண்டைத் தேய்த்துக்கொண்டார். வங்கி, மின்சாரம், கடை வாடகை, காப்பீடு என்று போன இடமெல்லாம் இறப்புச் சான்றிதழை விரித்துக் காட்டி, அதன் மடிப்பே கிழிந்து போயிருந்தது. எல்லாம் ஒருவழியாக முடிந்தது என்று நிமிர்ந்த நேரத்தில் இது.

பட்டறையில் அவரை எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்தன் ஆரம்பித்து வைத்த பழக்கம். அவன் வாயிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒட்டிக்கொண்டு, அவரைவிடப் பத்து வயது மூத்த லாரிக்காரர்கூட “அண்ணி இருக்காங்களா?” என்றுதான் உள்ளே வருவார். கணவருக்கு ராக்கெட் என்று பெயர். வண்டியை ஓட்டிப் பார்ப்பது, தோளில் கை போட்டுப் பேசுவது, பேரம் படிய வைப்பது எல்லாம் அவர் பங்கு. கொழுந்தன் கையில் ஸ்பேனர். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் அண்ணி பில் போடுகிறவர் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் உண்மையான வேலை நடந்தது. இப்போதைய எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு டீசல், எந்த நொடியில் எவ்வளவு காற்று என்று ஆயிரக்கணக்கான எண்கள் அதற்குள் அடுக்கியிருக்கும். அந்த எண்களை மென்பொருள் வழியாக வெளியே எடுத்து, வண்டி இழுக்கும் பாரத்துக்கும் ஓடும் சாலைக்கும் தக்கபடி திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். பதினோரு வருடமாக அதைச் செய்தது அண்ணி. லைசென்ஸ் மட்டும் கணவர் பேரில் இருந்தது. வாங்கிய அன்று கையெழுத்துப் போட்டவர் அவர், அவ்வளவுதான் காரணம்.

மென்பொருளுக்கு எவ்வளவு போகிறது, எதற்காகப் போகிறது என்று அண்ணி அதுவரை கேட்டதில்லை. இப்போது ஒப்பந்தத்தை அச்செடுத்து மூன்று நாள் படித்தார். நாக்கு தள்ளிவிட்டது. வண்டியில் செருகும் கருவிக்குக் கொடுத்த பெரிய தொகை வெறும் நுழைவுச்சீட்டு. அதற்கு மேல் வருடா வருடம் புதுப்பிக்கும் கட்டணம். அதற்கும் மேல் வண்டிக்கு ஒரு டோக்கன் என்று தனிக் காசு. இவர்கள் பட்டறையில் எண் ஏற்றிய ஒவ்வொரு வண்டியின் பெட்டிக்கும் அந்த லைசென்ஸின் பூட்டு வேறு விழுந்திருக்கிறது. இன்னொரு பட்டறைக்காரர் அதைத் திறக்க முடியாது. இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி: இந்த உரிமத்தை விற்கவோ, கொடுக்கவோ, வாரிசுக்கு மாற்றவோ இயலாது.

“வாங்கிட்டோம்னு நெனச்சோம் தம்பி,” என்றார் கொழுந்தனிடம். “வாடகைக்குத்தான் இருந்திருக்கோம்.”

கொழுந்தன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். “திருட்டு காப்பி ஒண்ணு கெடைக்கும் அண்ணி. பத்துல ஒரு பங்கு வெலதான்.”

“ஏத்தும்போது பாதியில நின்னா பெட்டி செத்துரும். அப்புறம் வண்டிக்காரனுக்கு நீ பதில் சொல்வியா?”

“அப்ப நான் அண்ணன் மாதிரி பேசிடறேன். ஃபோன்ல எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதான். அம்மாவே ஏமாந்துருக்காங்க.”

அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வதற்கும் தெம்பு வேண்டும்.

மறுநாள் காலை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். மறுமுனையில் ஒரு பெண். பிறந்த தேதி கேட்டாள், சொன்னான். முதலில் வாங்கிய வண்டி எது என்று கேட்டாள், அதையும் சொன்னான். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “சரியா இருக்கு சார். ரொம்ப நாளா நீங்க கூப்பிடவே இல்லையே. எப்படி இருக்கீங்க?” என்றாள் அவள்.

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். “சார்?” என்றாள் அவள். அவன் ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, தூக்கி நிறுத்தியிருந்த கார் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அண்ணி ஃபோனை எடுத்தார். “அவர் இல்லம்மா. அஞ்சு மாசம் ஆச்சு. பேசினது அவர் தம்பி. நான் அவர் வீட்டுக்காரி.”

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். “நீங்க சொல்லாம இருந்திருந்தா புதுப்பிச்சுக் கொடுத்திருப்பேன்மா. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. கணக்கை மூடித்தான் ஆகணும்.”

“மூடுங்க. பூட்டு போட்ட வண்டியெல்லாம் என்ன ஆகும்?”

அதற்கு ஒரு வழி இருந்தது. முப்பது நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் வண்டிக் கம்பெனி கொடுத்த பழைய எண்களையே மறுபடி ஏற்றிவிட்டால் பூட்டு விலகும். புதிதாக எதுவும் திருத்த முடியாது. முப்பது நாள் முடிந்தால் பூட்டு பூட்டாகவே நின்றுவிடும்.

பதினோரு வருட வேலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தவை அறுபத்து மூன்று வண்டிகள். “வண்டி ஓடுது. ஓடட்டும். யார் வந்து கேக்கப் போறா?” என்றான் கொழுந்தன்.

“நாளைக்குப் பெட்டியில ஒரு கோளாறுன்னு வேற கடைக்குப் போவாங்க. தொறக்க முடியாது. புதுப் பெட்டி வாங்குன்னு சொல்வாங்க. அது என்ன வெலன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

அண்ணி வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இலவசமாகச் செய்து தருகிறோம் என்றால் சிலருக்குச் சந்தேகம். வண்டி மந்தமாகிவிடும் என்றால் சிலருக்குக் கோபம். தினம் ஒரு வண்டி, இரண்டு வண்டி. வயரைச் செருகுவது, தான் எழுதியதை அழிப்பது, பழையதை ஏற்றுவது. பழைய வருடத்து வண்டிகளிலிருந்து அண்மையவற்றுக்கு வரவர அவருடைய பழைய கை கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் டீசலை அள்ளி ஊற்றியிருந்தார். நாலாம் வருடத்துக்குப் பிறகுதான் கை நிதானப்பட்டிருந்தது. அந்த நிதானத்தையும் அழித்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். தோள்பட்டை வலிதான் வந்தது.

சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஒருவர் வந்தார். வாரத்துக்கு ஆறு நாள் அதே மேடு ஏறி இறங்குகிறவர். “ராக்கெட் கை வச்ச அப்புறம்தான் குலுங்காம ஏறுச்சு. உள்ள இருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். அவர் கை ராசி அப்படி,” என்றார்.

வண்டிக்கு அடியிலிருந்து கொழுந்தன் குரல் வந்தது. “அதை எழுதினது அண்ணிங்க. எல்லா வண்டியும் அவங்கதான்.”

வேன்காரர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். “அப்ப அவங்க கையாலயே எடுக்கணுமா?” என்றார். அண்ணி வயரை எடுத்துக்கொண்டு வேனுக்கு வந்தார். வேலை முடியும்வரை வேன்காரர் வெளியே போய் நின்றார்.

முப்பதாம் நாள் கணக்குக்கு நாற்பத்தொன்பது வண்டிகள் வந்திருந்தன. எட்டுப் பேர் ஃபோனையே எடுக்கவில்லை. ஆறு பேர் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். மாலையில் திரை தானாகவே சாம்பல் நிறமானது. அண்ணி லேப்டாப்பை மூடிவிட்டு, அங்கேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

அடுத்து என்ன என்று தேட ஒரு மாதம் ஆயிற்று. அதே மென்பொருளைப் புதிதாக வாங்க ஒரு சின்னக் காரின் விலை. மலிவான வகை ஒன்று இருந்தது. எண்களை எடுத்து ஒரு பெரிய பட்டறைக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள், இங்கே ஏற்றினால் போதும். “தபால்காரி வேலை,” என்று அதைத் தள்ளினார். கடைசியில் கிடைத்தது சின்னதாக ஒன்று. ஒரே ஒரு கம்பெனியின் வேன்களுக்கு மட்டும்தான் ஆகும். ஒரு தடவை காசு, வருடக் கட்டணம் இல்லை, பூட்டு இல்லை.

விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அந்த மென்பொருள் கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஆள் பேர்ல இல்லாம பட்டறை பேர்ல எடுக்க முடியுமா?” முடியும் என்றார்கள். பட்டறையின் பெயரை எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. பிரேக், கிளட்ச் என்று கொழுந்தன் இழுத்துப்போட்டுச் செய்தான். லாரிக்காரருக்கு இனி ஆயில் மாற்றுவது மட்டும்தான். முதலில் வந்தது ரொட்டிக் கடை வேன். எண்களைத் திருத்தி ஏற்றிவிட்டு, ஓட்டிப் பார்க்க யார் போவது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொழுந்தன் கையெல்லாம் கிரீஸ். அண்ணியே சாவியை எடுத்தார். பதினோரு வருடத்தில் தான் எழுதிய வண்டியை அவர் சாலையில் ஓட்டியதில்லை.

இரண்டாம் வளைவு தாண்டி வேகம் கூட்டும்போது வேன் ஒரு கணம் தயங்கி, பிறகு எழுந்தது. எந்த வரிசையில், எந்த எண் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அது பாதத்தில் இப்படி இருக்கும் என்று தெரியாது. கணவரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

“எப்படி இருக்கு அண்ணி?”

“நடுவுல தயங்குது. இன்னும் ரெண்டு தடவை எழுதணும்.” இறங்கியவர் கதவைப் பிடித்தபடி சற்று நின்றார். “இன்னைக்கு வேணாம் தம்பி. கண்ணு எரியுது. காலையில பாத்துக்கலாம்.”