முதல் குடம்

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவுக்கு யார் குடிவந்தாலும், சாமான் இறங்கி முடிவதற்குள் மூலை வீட்டு அக்கா ஒரு குடம் தண்ணீரோடு அவர்கள் வாசலில் நிற்பார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. "இந்தா, இது தெருக்குழாய் தண்ணி. அடிபம்புத் தண்ணிய பால்ல ஊத்திறாத, திரிஞ்சிடும்" என்பார். அவ்வளவுதான் வரவேற்பு. அடுத்த மூச்சிலேயே, "எந்த ஊரு? எத்தன புள்ள? வாடகை எவ்ளோ சொன்னான்?" என்று விசாரணை ஆரம்பித்துவிடும்.

2004இல் நான் சிதம்பரத்திலிருந்து வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. துறைமுகத்துப் பக்கம் அல்லவா, எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பால் காய்ச்சும்போது அடிபிடிக்காமல் இருக்கப் பாத்திரத்தில் முதலில் ஒரு கை தண்ணீர் விடுவோமே, அது அடிபம்புத் தண்ணீராக இருந்தால் தீர்ந்தது கதை. குடிபுகும் அன்று பால் திரிந்தால் அதைவிட அபசகுனம் வேண்டுமா? தெருக்காரர்களுக்கு இது வெறும் தண்ணீர் சமாச்சாரம். வெளியூர்க்காரர்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? அதற்குத்தான் அக்கா இருந்தார்.

அக்காவை நான் தெய்வமாக்கப் போவதில்லை. வாய் ரொம்ப நீளம். குழாயடியில் என்னோடு சண்டை போடாத வாரம் கிடையாது. என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைப்பார். கேட்டால், "எனக்கு வேல ஜாஸ்திடி, உனக்கென்னா!" என்பார். நானும் லேசில் விட மாட்டேன். சாயங்காலம் பார்த்தால், காடாம்புலியூரிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்த பலாச்சுளையைத் தட்டில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்பார். எனக்கு அதில்தான் இன்னும் எரிச்சல் வரும்.

2009இல் ஒரு நாள் காலை, நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. எங்கள் தெருவில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் வாசலில் கோலம் போட மாட்டோம், நல்ல காரியத்துக்குப் போக மாட்டோம். எல்லாம் அக்காவே மிரட்டி உருட்டிக் கடைப்பிடிக்க வைத்த வழக்கம். அவருக்கென்று வந்தபோது நாங்கள் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தோம்.

அந்த நாட்களுக்குள்தான் எதிர்வீட்டுக்குச் சிதம்பரம் பக்கம் கிள்ளையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, மாமியார். அந்தப் பெண்ணுக்குக் கடலூரில் பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. தினமும் கிள்ளையிலிருந்து வந்து போக முடியாதென்று மன்றாடி இங்கே வீடு பார்க்க வைத்திருக்கிறாள். மருமகள் படிப்பதில் மாமியாருக்குத் துளியும் இஷ்டமில்லை. முதல் நாள் சாயங்காலம் வீடு வீடாக அழைக்க வந்தவள், என் வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, "காலைல பால் காய்ச்சுறோம்க்கா, அவசியம் வந்துருங்க" என்றாள்.

"ஆவட்டும்மா" என்றேன். நல்ல காரியத்துக்கு அழைக்க வந்தவளிடம் சாவுப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. அடுத்த வீட்டிலும் "ஆவட்டும்மா". தெரு முழுக்க அதே "ஆவட்டும்மா"தான்.

காலையில் ஒருவரும் போகவில்லை. தண்ணீரைப் பற்றியும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக அது அக்கா வேலை, அக்கா பார்த்துக்கொள்வார் என்றே பழகிவிட்டோம். அவர் இல்லை என்று அழுதுகொண்டே இருந்தோம், அவர் செய்துவந்த காரியமும் நின்றுபோயிருக்கும் என்று யோசிக்கவில்லை. நல்ல லட்சணம்!

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மாமியாரின் குரல் தெருவுக்கே கேட்டது. "ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. பாலும் திரிஞ்சு போச்சு. இந்த வூடு நமக்கு வேணான்டா. வண்டிக்காரனுக்குப் போன போடு, சாமான ஏத்து. இவ படிச்சுக் கிழிச்சது போதும்."

"அத்தை, இன்னொரு வாட்டி காய்ச்சிப் பாக்கலாம் அத்தை" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். மகன்காரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் வழக்கம் காலைக் கட்டியது.

அப்போது மூலை வீட்டுக் கதவு திறந்தது. அக்காவின் வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், தோளில் குடத்தோடு வெளியே வந்தார். பிள்ளை இல்லாததால் அவரேதான் கொள்ளி வைத்திருந்தார். மழித்த தலை. அன்றிலிருந்து யாரிடமும் பேச்சில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. குடம் தூக்கிப் பழக்கமில்லாத மனுஷர், தண்ணீர் தளும்பி வேட்டியெல்லாம் ஈரம்.

நான் தெருவுக்கே ஓடிவந்துவிட்டேன். "மாமா, நீங்க போவக் கூடாது மாமா. காரியம் முடியல."

"தெரியும்மா. நான் உள்ள போவல."

எதிர்வீட்டுப் படிக்கு வெளியே, தெருவில் குடத்தை இறக்கி வைத்தார். மழித்த தலையைப் பார்த்ததும் அந்த மாமியார் ஓர் அடி பின்னால் போனார். "யாருங்க நீங்க?"

"மூல வூடு. எம் பொண்டாட்டி செத்து இன்னும் காரியம் ஆவல. அதான் தெருவுல யாரும் வரல, உங்க மேல ஒண்ணும் இல்ல. இங்க அடிபம்புல உப்புத் தண்ணி, அதான் பால் திரிஞ்சுது. வூட்டு மேலயும் ஒண்ணும் இல்ல. புதுசா வர்றவங்களுக்கு மொத கொடம் அவதான் கொண்டாருவா..." குடத்தைப் படிப் பக்கம் லேசாக நகர்த்தினார். "இது துக்க வூட்டுத் தண்ணி. வேணாம்னா கொட்டிடுங்க. நான் தப்பா நெனக்க மாட்டேன்."

தெருவே வாசலில் நின்றது. அந்தப் பெண் மாமியாரின் முகத்தையே பார்த்தாள். அவள் படிப்பு அந்தக் குடத்தில் இருந்தது. எனக்கென்னவோ அந்த அம்மா குடத்தை எட்டி உதைத்துவிடுவார் என்றே பட்டது. பிறகுதான் அவருடைய பொட்டில்லாத நெற்றியைக் கவனித்தேன். அவரும் துணையை இழந்தவர்தான். முதலில் பால் காய்ச்சும்போது, தாம் எதிரில் நிற்கக் கூடாதென்று தாமாகவே கொல்லைப்பக்கம் போய் நின்றாராம், அந்தப் பெண் பின்னால் ஒரு நாள் சொன்னாள்.

அந்த அம்மா படியிறங்கித் தெருவுக்கு வந்தார். குனிந்து, குடத்தைத் தூக்கித் தம் இடுப்பில் வைத்துக்கொண்டார். அடுப்பங்கரை வாசலில், "தள்ளுடி, நான் காய்ச்சுறேன்" என்று மருமகளிடம் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது.

மாமா திரும்பி நடந்தார். "நில்லுங்க அண்ணே!" என்று உள்ளேயிருந்து அந்த அம்மாவின் சத்தம் வந்தது. அப்படியே நின்றார்.

பால் பொங்கியது. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்த சத்தத்தில் தெரிந்தது. முதல் டம்ளர் பாலை சாமி படத்துக்கு முன்னால் வைப்பதுதான் எல்லா வீட்டிலும் முறை. அந்த அம்மா அதை நேராகத் தெருவுக்குக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினார் மாமா. வாங்கியவரின் தோள் குலுங்கியது. சுடுகாட்டில்கூட அழாத மனுஷர், நடுத்தெருவில் நின்று விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். என்னோடு சண்டை போட யார் இருக்கிறார்கள் இனிமேல் என்று நினைத்து அழுதேன்.

அந்த அம்மா நகரவில்லை. "அழுங்க அண்ணே" என்றார். "நல்லா அழுதுட்டுக் குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல. நாங்க இங்கதான இருக்கப் போறோம்."