மாமாவின் ஆபீஸில் வயசான குதிரைகள்

கண்ணுகளா, அப்பா சின்ன வயதில் மூன்று வருஷம் அமெரிக்காவில் இருந்தேன் என்றால் நீங்கள் இரண்டு பேரும் நம்புவதே இல்லை. "அங்க என்னப்பா பார்த்தீங்க?" என்று பெரியவள் கேட்கிறபோதெல்லாம் நான் "குதிரை" என்கிறேன். சின்னவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். குதிரை பார்க்க மெரினா பீச்சுக்குப் போனால் போதாதா என்கிறான். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நான் டிப்ளமோவோடு படிப்பை நிறுத்திவிட்டு கம்ப்ரசர் ரிப்பேர் பார்க்கிறவன். பிழை இருந்தால் உங்கள் அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்துக் கோடை விடுமுறை. எனக்கு எட்டு வயது. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில், மாடி அபார்ட்மென்ட்டில் இருந்தோம். என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ஒரு கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதினார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, இன்னொரு கம்பெனியில் எழுதினார். ராத்திரி எங்கள் ஹால் சோபாவில் படுத்துக்கொள்வார். காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, தோளில் கம்ப்யூட்டர் பையை மாட்டி, அம்மா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, "ஆபீஸ் போயிட்டு வர்றேன்க்கா" என்று கிளம்புவார்.

இப்போது எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் குழம்பிய மாதிரி நீங்களும் குழம்புவீர்கள். மாமாவுக்கு அந்த வருஷ ஆரம்பத்திலேயே வேலை போய்விட்டது. அப்போது அங்கே நிறையப் பேருக்குப் போனது. வேலை போனால் விசாவும் போன மாதிரிதான். சீக்கிரம் வேறொரு கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மாமா இதை வீட்டில் சொல்லவில்லை. தினமும் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே மலைப்பக்கம் போய், ஏதாவது மரத்தடியில் நிறுத்தி உட்கார்ந்திருப்பாராம். அப்படி ஒரு நாள் வேலிக்கு உள்ளேயிருந்து வயசான ஒரு வெள்ளைக்கார அம்மா, சும்மாதானே இருக்கிறாய், வந்து இந்தக் குதிரையைக் கொஞ்சம் பிடி என்று கூப்பிட்டிருக்கிறார். வயசான குதிரைகளை வைத்துப் பராமரிக்கிற இடம் அது. அன்றிலிருந்து மாமாவுக்கு அதுதான் ஆபீஸ். சம்பளம் கிடையாது.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்றைக்கு அம்மாவுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான்.

"இவனை உன் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயேன் தம்பி. ஒரு மூலையில உக்காந்துக்குவான்" என்றாள் அம்மா.

மாமா காபி குடிப்பதைப் பாதியில் நிறுத்தினார். "ஆபீஸ்ல குழந்தைங்களை விட மாட்டாங்கக்கா."

"கேட்டுப் பாரு, விடுவாங்க."

அம்மா அதைச் சொன்ன விதத்தில் மாமா மறுபேச்சில்லாமல் கார்ச் சாவியை எடுத்தார். சாப்பாட்டுப் பை அன்று வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

காரில் போகும்போது மாமா ஒரு பொறுப்பு கொடுத்தார். இரண்டு மணிக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். மேலே மலையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் ஒன்றரைக்கே கிளம்பிக் கீழே மெயின் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். "நீதான் ஞாபகப்படுத்தோணும். மறந்துட்டன்னா மாமா ஊருக்குத்தான் போகோணும்" என்று சொல்லித் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். அது முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. முள் பார்த்து மணி சொல்ல நான் அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனியின் கடிகாரமே என் கையில் இருப்பதுபோல் இருந்தது.

ஃப்ரீவேயை விட்டு இறங்கி, மண் ரோட்டில் ஏறி, காய்ந்து பழுத்த புல் மலைக்கு நடுவில் கார் நின்றது. தகரக் கொட்டகை, மரவேலி, தண்ணீர்த் தொட்டி. கொஞ்சம் குதிரைகள்.

"கம்ப்யூட்டர் எங்க மாமா?"

"அது வேற பில்டிங்."

நான் நம்பினேன். கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பாட்டியம்மா, மாமாவை முதலில் கூப்பிட்ட அந்த வெள்ளைக்கார அம்மாதான், வந்து மாமாவிடம் ஏதோ சொல்ல, மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சரி, இவர்தான் மேனேஜர் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். மாமா பளபளவென்றிருந்த ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டார். சட்டையை மாற்றவில்லை.

அந்தக் குதிரைகள் நான் படத்தில் பார்த்த குதிரைகள் மாதிரி இல்லை. யாரும் ஓடவில்லை. முதுகு தொட்டில்போலக் குழிந்திருந்தது. கண்ணுக்கு மேலே பள்ளம். ஒன்றுக்கு நல்ல வெயிலிலும் கம்பளிபோல முடி. வயசானால் சிலதுக்கு முடி உதிராமல் நின்றுவிடும் என்றார் மாமா. பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்றுக்கு முகத்தில் வலைத்துணி கட்டியிருந்தார்கள். என்ன தப்புப் பண்ணியது, ஏன் கண்ணைக் கட்டினார்கள் என்று கேட்டேன். ஈ மொய்க்காமலிருக்க, அதற்குள்ளிருந்து எல்லாம் தெரியும் என்றார். ஆனால் அதற்குக் கண்ணே தெரியாது என்றும் சொன்னார். எனக்கு இரண்டும் சேர்ந்து புரியவில்லை.

எல்லோரையும்விட மூத்தது பிஸ்கட். அதுதான் பெயர். வெளுத்த மண் நிறம். முப்பது வயது தாண்டியாயிற்று. மாமாவுக்கு இருபத்தேழு. அதனால் மாமா அதை "வாங்க பிஸ்கட்டண்ணா, மெல்ல நடங்க, கால் வலிக்குதுங்களா" என்றுதான் பேசுவார். ஏன் மாமா என்றால், "என்னைவிட மூத்தவருடா, வா போன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது" என்றார். குதிரைக்குக் கோயமுத்தூர்த் தமிழ் புரிகிற மாதிரிதான் இருந்தது. காதைத் திருப்பியது.

பிஸ்கட்டுக்குப் பல் தேய்ந்துவிட்டது. புல்லைப் போட்டால் மென்று மென்று, கடைசியில் பச்சை உருண்டையாகத் துப்பிவிடும். கொட்டகை வாசலெல்லாம் அந்த உருண்டைகள்தான். அதற்காகப் புல்லை அரைத்துக் குச்சியாக்கிய தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, கூழாக்கிக் கொடுக்க வேண்டும். நான் கரண்டி போட்டுக் கிளறினேன். அது ஊறுகிற வரைக்கும் மாமா சீப்பு மாதிரி ஒன்றால் பிஸ்கட்டைச் சீவிவிட்டார். முடி கொத்துக் கொத்தாக வந்தது. பிஸ்கட் உதட்டைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, நின்றபடியே தூங்கிப்போனது. அப்புறம் விழித்து, புழுதியில் படுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டது. எழுந்திருக்கும்போதுதான் வேடிக்கை. முன்காலை நீட்டி, யோசித்து, மறுபடி உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, ஒரு வழியாக எழுந்தது. மாமா பக்கத்தில் நின்று "அப்படித்தானுங்க, அப்படித்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சீவினதெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து சீவினார். மாமாவை நான் வீட்டில் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. ஆபீஸ் என்றால் இதுதான் போலிருக்கிறது, அப்பா ஏன் ஆபீஸிலிருந்து வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தோம். தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். அதற்குக் கீழே ஒரு கட்டுக் கேரட், இலையோடு, தோல்கூடச் சீவாமல்.

"அம்மா வெட்ட மறந்துட்டாங்க மாமா" என்றேன். மாமாவுக்குக் கேரட் ஆகாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா பையை மூடினார். திரும்பத் திறந்து பார்த்தார். "உங்கம்மா ஒண்ணும் மறக்கற ஆளில்ல" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ஒரு கட்டுக் கேரட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். கேரட்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பிஸ்கட் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மாதிரி இருமியது. கண் தெரியாத பெண் குதிரையின் வாளியில் ஊறவைக்காத தீவனம் இருந்திருக்கிறது. இது போய் அதில் வாய் வைத்து அவசரமாக விழுங்கிவிட்டது. உணவுக்குழாயில் அடைத்துக்கொண்டது. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் பச்சையாக வழிந்தது. எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. தண்ணீர் கொடுங்கள் என்றேன். தண்ணீர் கொடுக்கவே கூடாதாம். மூச்சு போகிற வழி வேறு, அது திறந்துதான் இருக்கிறது. ஆனால் தலையைத் தூக்கினால் வழிகிறதெல்லாம் நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் வருகிறவரைக்கும் தலையைத் தாழ்த்தியே பிடித்திருக்க வேண்டும். பாட்டியம்மா ஓடிப்போய் வீட்டுப் போனில் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் எங்கேயோ தூரத்தில் இருந்தார். பாட்டியம்மாவுக்கோ ஒரு கை மாவுக்கட்டில் இருக்கிறது. மாமாதான் பிடித்தார். இரண்டு கையாலும், தோளாலும், கன்னத்தாலும்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் பொறுப்பு.

"மாமா, ஒண்ணரை."

"சரி கண்ணு."

போகப் போகிறார் என்று பையை எடுத்து வைத்துக்கொண்டேன். போகவில்லை. பிஸ்கட்டின் கழுத்தின் இடது பக்கத்தை மேலிருந்து கீழே நீவிவிட்டுக்கொண்டு, "இருங்கண்ணா, இருங்க, டாக்டரு வந்துட்டே இருக்காரு" என்று காதோரம் பேசினார். குரல் நின்றால் தலை மேலே வந்தது. பேசினால் இறங்கியது.

"மாமா, போன் பேசோணும்."

"தெரியுதுடா."

நான் போன் விஷயத்தைச் சொன்னதும் பாட்டியம்மாவே மாமாவை நீ போ என்றார். ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துக்கூடப் பார்த்தார். பிஸ்கட் ஒரே உதறலில் அவரைத் தள்ளிவிட்டது. மாமா மறுபடி பிடித்தார்.

"மாமா, ரெண்டு ஆகப் போகுது. காருக்குப் போலாம் வாங்க."

மாமா பிடியை விடவில்லை. நான் மறந்துவிட்டால் மாமா ஊருக்குப் போக வேண்டும் என்று அவர்தானே சொன்னார். நான் மறக்கவில்லையே. அதைத்தான் என்னால் கணக்குப் போட முடியவில்லை. ஞாபகப்படுத்தச் சொன்னவர் ஞாபகப்படுத்தினால் ஏன் போக மாட்டேன் என்கிறார்? அவர் காதில் விழவில்லையோ என்று கிட்டப் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"மாமா, ரெண்டு ஆயிடுச்சு."

"ஆகட்டும்டா. நீ போய் நிழல்ல உக்காரு."

டாக்டர் வந்து ஊசி போட்டு, பிஸ்கட்டின் மூக்கு வழியாக நீளக் குழாயை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே அடித்தார். தண்ணீர் பச்சையாகத் திரும்பி வந்தது. மாமா சட்டையில் வந்தது. கடைசியில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. பிஸ்கட் பெரிதாக ஒரு முழுங்கு முழுங்கியது. மாமா அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பிஸ்கட் பிழைத்தது சந்தோஷமாகவும் இருந்தது, மாமா அழுகிறாரோ என்று சந்தேகமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் திறந்தாள். பல் பிடுங்கி ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மாமாவின் சட்டையைப் பார்த்தாள். பையை வாங்கித் திறந்தாள்.

"ஏன், சாப்பிடலையா?"

"தொண்டையில அடைச்சுக்கிச்சுக்கா. புண்ணாயிருக்கும். ரெண்டு மூணு நாளைக்குக் கரைச்சுத்தான் குடுக்கோணும்."

"அப்ப இதை வெக்க வேண்டாம்" என்று அம்மா கேரட்டை எடுத்து ஃப்ரிஜ்ஜில் வைத்தாள். மாமாவின் சட்டையில் ஒட்டிய குதிரை முடியைத் தினமும் தட்டித் துவைத்தது அவள்தான்.

அப்பா டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "போன் வந்துச்சா மாப்ளே?"

"நான் எடுக்கலைங்க மச்சான்."

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "வேற யாராச்சும் கூப்பிடாமயா போயிருவாங்க" என்றார். அந்தக் கம்பெனிக்கு மாமா திரும்பப் போன் பண்ணினார். வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

கண்ணுகளா, நான் அன்றைக்கு நினைத்தது இதுதான். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. இனி மாமா லுங்கியோடு உட்கார்ந்து டிவி பார்ப்பார். ஆனால் மறுநாள் காலையில் அம்மா வீங்கின கன்னத்தோடு மாமாவின் முழுக்கைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா அதை வாங்கிப் போட்டு, இன் பண்ணி, கம்ப்யூட்டர் பையை மாட்டிக்கொண்டு, "ஆபீஸ் போயிட்டு வர்றேன்க்கா" என்றார்.

"சரி, பார்த்துப் போ" என்றாள் அம்மா. அப்பாவும் செருப்பைத் தேடியபடி, "ட்ராஃபிக் ஜாஸ்தி மாப்ளே, நேரத்துல கெளம்பு" என்றார்.

"அது ஆபீஸ் இல்லையேம்மா, அங்க குதிரைதானே இருக்குது" என்றேன்.

"நீ சாப்பிடு" என்றாள்.

மாமா ஊருக்குக் கிளம்பிய வாரம் வரைக்கும் அப்படியே நடந்தது. மாமா இப்போது கோபியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார், உங்களுக்கே தெரியும். அவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. உங்கள் அம்மாவைக் கல்யாணம் பண்ணி, எனக்கும் ஒரு தடவை வேலை போய், அவளும் என்னிடம் எதுவும் கேட்காமல் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது.

மாமாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாள் அவருடைய காரை வாங்க ஒருவர் வருவதாக இருந்தது. அப்பா காரை உள்ளே வெளியே என்று கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் நான் மட்டும் கீழே இறங்கிப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். சீட் பெல்ட் மாட்டுகிற பொந்துக்குள் ஒரு காய்ந்த புல் சிக்கியிருந்தது, அப்பா கண்ணில் படவில்லை. நகத்தால் நெம்பி வெளியே எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.