நவரத்தினம் அண்ணை நடந்த ஹும்லா

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது புவனம் அக்காவின் தொலைபேசி வந்தது. "இவர் விடிய எழும்பேல்லை, தம்பி," என்றார். நவரத்தினம் அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார். புருஷனைப் பறிகொடுத்த அக்காதான் என்னைத் தேற்றினார். வைக்குமுன் ஒன்று கேட்டார்: "அவர் குறிப்பெழுதின அந்த மலை வரைபடம் உங்களிட்டைத்தானே இருக்கு? செத்தவீட்டுக்குக் கொண்டு வாங்கோ. பேரப்பிள்ளையள் பாக்கோணும்." ஓம் என்றேன். சப்பாத்தைத் திரும்பக் கழற்றினேன்.

அண்ணையைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் கிங்ஸ்பரி சனிக்கிழமைக் கூட்டத்து நண்பர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர் மேல் எனக்கு இருந்தது பாதி அன்பு, பாதி எரிச்சல். எரிச்சல்தான் கொஞ்சம் கூட. அதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

இமயமலை என்னுடைய சொத்து என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கூட்டத்தில் என்னை 'மலைக்காரர்' என்றே கூப்பிடுவீர்கள். ஹும்லா என்று ஒரு மாவட்டம் நேபாளத்தின் வடமேற்கு மூலையில், திபெத்தை ஒட்டிக் கிடக்கிறது, அங்கே போக றோட்டுக் கிடையாது, சின்ன விமானத்தில் சிமிகோட்டில் இறங்கி மீதியை நடக்கவேண்டும் என்றெல்லாம் உங்களுக்குச் சொன்னது யார்? பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்த ஹும்லா வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தேன். போகத்தான் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்டு.

அண்ணை ஃபாரஸ்ட் கேட் பகுதியில் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர், படத்தின் முன் தேநீர் ஆறும்வரை நின்றார். "கணேசு, ஒருக்காத் தாரும், பாத்திட்டுத் தாறன்," என்றார். கொடுத்தேன். மூன்றாம் வாரம் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார். நேபாளத்தில் சண்டை ஓய்ந்திருந்த நேரம் அது. என்னையும் வரச் சொன்னார். மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்றேன். "பயமெண்டால் பயமெண்டு சொல்லும், ஓய். அதிலை என்ன வெக்கம்," என்றார். உண்மையில் அந்தச் சின்ன விமானத்தை நினைத்தாலே எனக்குப் பயம்தான். அதை அவர் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வந்து நம் கூட்டத்தில் தான் எடுத்த புகைப்படங்களைக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? சிமிகோட்டில் ஒரு கடைக்காரர், மேலே போகிற எவரிடமும் கொடுப்பதுபோல, மலைக் கிராமங்களுக்கான கடிதங்களை இவரிடம் நீட்டியிருக்கிறார். இவருக்கு அது போதாதா! கர்னாலி ஆற்றோரம் ஐந்து நாள், வீடு வீடாகத் தபால் கொடுத்துக்கொண்டே நடந்திருக்கிறார். ஒற்றை மரத்தில் படி வெட்டிய ஏணியில் ஏறி, மொட்டைக்கூரையில் உட்கார்ந்து, உப்புப் போட்ட தேநீர் குடித்திருக்கிறார். "வாசலிலை நிண்டாத்தான் ஊர் விளங்கும், படத்திலை விளங்காது," என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். அன்றிலிருந்து 'மலைக்காரர்' என்றால் அவர். எனக்குப் பற்றி எரிந்தது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. திபெத்துக்குப் போகிற வழியில் கடைசி ஏற்றமான நாரா கணவாய்க்கு அரை நாள் கீழே திரும்பிவிட்டாராம், முழங்கால் நோவாம். "அப்ப கணவாயைக் காணாமலே வந்தனீங்களோ?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன். "ஓமடாப்பா, அது கிடக்கட்டும்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தோல்வி தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு வரைபடத்தைக் கொண்டுவந்து தந்தார். படம் முழுக்கப் பென்சில்! வேலையில் இருந்த காலத்தில், லீவில் போகுமுன், தான் தபால் கொடுக்கும் தெருவுக்கு வரப்போகும் மாற்று ஆளுக்காக வீட்டுக்கு வீடு குறிப்பு எழுதி வைப்பது அவர் வழக்கம். அதே வேலையை என் ஹும்லாவிலும் பார்த்திருந்தார். 'இந்தப் பாலம் இல்லை, கீழாலை போகவும்.' 'கறுப்பு நாய், குரைக்கும், கடிக்காது.' 'ஏணியில் இடக்காலை முதல் வைத்து ஏறவும்.' 'மனிசிக்குக் காது கேளாது, பலமாகக் கூப்பிடவும்.' ஐந்தாறுதான் வாசித்தேன். என் மலையை எனக்கே திருத்துகிறாரா என்று கோபம் தலைக்கேறியது. அழிரப்பரை எடுத்துத் தெற்கிலிருந்து வடக்கு வரை அழித்துத் தள்ளிவிட்டு, மறுபடி சட்டத்துக்குள் போட்டு மாட்டினேன்.

அடுத்த மாதம் வந்தார். படத்தைப் பார்த்தார். "நல்ல அழிரப்பர். எங்கை வாங்கினனீர்?" என்றார். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகவில்லை. படத்தைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தேன். மழையிலும் நின்று எழுதிப் பழகிய கை, பென்சிலை அழுத்தித்தான் எழுதும். கரி போயிருந்தது; தடம் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அதன் மேலேயே திரும்ப எழுதினேன். பாலம், நாய், ஏணி, காது கேளாத மனிசி. பொழுதுபடும் நேரத்தில் வடக்கு மூலைக்கு வந்தேன். கணவாய்க்குக் கீழே, நான் வாசிக்காமலே அழித்த இடத்தில், இப்படி இருந்தது: 'கால் சுகம். மிச்சம் கணேசு வந்தபிறகு, ரெண்டு பேருமாய்.'

செத்தவீட்டில் படத்தைக் கொடுத்துவிட்டு, அழித்ததை அக்காவிடம் சொன்னேன். "தெரியும் தம்பி," என்றார். "வந்து சொன்னவர். கடைசியை வாசிச்சிருக்கமாட்டான், வாசிச்சிருந்தால் அழிச்சிருக்கமாட்டான் எண்டவர்." எனக்காக வக்காலத்து வாங்கியிருக்கிறார் மனிசன்.

வரைபடத்தைப் பேரப்பிள்ளைகளிடமே விட்டுவந்தேன். அது அவருடையது. இவ்வளவு பெரிய மனசு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான். அது என்னோடுதான் போகும். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நாரா கணவாய்க்குக் கீழே, அவர் நடக்காமல் விட்டுவைத்த அந்த அரை நாள் வழி.